தூரத்தைக் கிட்டப் பார்க்க: பைனாகுலர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த இதழில் பைனாகுலரைப் பற்றி எழுதப்போகிறோம். "ஏங்க, அரிசி வெல, மா வெல எல்லாம் எழுதாம, தொரைமாரு கழுத்துல தொங்கப்போடுற சாமானப் பத்தி நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறோம். ஒன்று, நம் குடும்பங்கள் நயினாதீவு யாத்திரைக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறை. மற்றது, நாம் நாள் தவறாமல் ஏறி இறங்கும் கொழுந்து மலை. முதல் இடத்தில் பைனாகுலர் சந்தோஷத்துக்கு உதவும். இரண்டாவது இடத்தில் உயிரைக் காக்கவும் உதவக்கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருவிழாக் கடைகளிலும் பஸ் நிலைய நடைபாதைகளிலும் பளபளவென்று பைனாகுலர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டியில் "30×60, இரவும் பகலும் தெரியும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பிள்ளை அடம் பிடிக்கும். தகப்பன் சில நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மரம் இரண்டு மரமாய்த் தெரியும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும், அடுத்த மழைக்காலத்தில் கண்ணாடிக்குள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. இரண்டு எண்களின் அர்த்தமும், பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டமும் போதும்.

குறிகட்டுவானில் என்ன பார்க்கலாம்?

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து கடலுக்கு நடுவே போடப்பட்ட பாதை வழியாக வேலணைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கடற்பாதையால் புங்குடுதீவுக்குப் போக வேண்டும். புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருக்கிறது குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் பதினைந்து, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு மலையகத்திலிருந்தும் வான் பிடித்து, சோறு கட்டிக்கொண்டு இந்த யாத்திரைக்குப் போகும் குடும்பங்கள் பல. ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழா என்றால் துறையில் கால் வைக்க இடமிருக்காது.

அந்தப் பயணத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. கடற்பாதையின் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். கொக்கு, நாரை, ஆலா எல்லாம் மேயும். மாரி மழைக்குப் பின்னான மாதங்களில் யாழ்ப்பாணத்துக் களப்புகளில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதுண்டு. வெறும் கண்ணுக்கு அது தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டது மாதிரி இருக்கும். பைனாகுலரில் பார்த்தால்தான் ரோஜா நிறச் சிறகும், வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சாப்பிடும் விதமும் தெரியும். படகில் போகும்போது ஒரு பக்கம் அம்மன் கோயில் கோபுரமும், இன்னொரு பக்கம் நாகவிகாரையின் தூபியும் கிட்ட வரும். பூவைக் கவ்வி வந்த நாகத்தைக் கருடன் மறித்த ஐதீகமும், அந்தக் கடலில் உள்ள பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்பவற்றின் கதையும் வயதானவர்களுக்குத் தெரியும். நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு வெட்டவெளியில் மேயும் குதிரைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிட்டப் போய் விரட்டாமல், தூர நின்று பார்ப்பதே முறை. 2015 முதல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

ஒரு விஷயத்தை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யுத்த காலத்தில், 1990களில், வடக்கிற்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட சாமான்களில் பைனாகுலரும் ஒன்று. இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் தீவுப் பகுதியில் கடற்படையினர் இருக்கிறார்கள். முகாம், காவலரண், கடற்படைப் படகு ஆகியவற்றின் பக்கம் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் விசாரணைக்கு வழி. "இத வச்சுப் பாக்கலாமா ஐயா?" என்று துறையில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கொழுந்து மலையில் என்ன வேலை?

குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி கேட்காத தோட்டம் இல்லை. சிலர் திரும்பி வராமலும் போயிருக்கிறார்கள். சவுக்கு மரத்து உச்சியிலோ, மலை ஓரத்துப் பெரிய மரத்திலோ கூடு இருக்கும். கீழே குனிந்து கொழுந்து பறிக்கிறவருக்கு அது தெரியாது. பருந்து கொத்தினாலோ, காற்றில் கிளை முறிந்தாலோ கூடு கலையும். அப்போது கூடையோடு ஓட வழி இருக்காது.

மலைக்குள் இறங்கும் முன், ரோட்டிலேயே நின்று அந்த மலையில் உள்ள மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் 80 மீற்றருக்கு அப்பால் உள்ள கிளை 10 மீற்றரில் இருப்பது போல் தெரியும். கிளைக்கு அடியில் அரை நிலவு போல் கறுப்பாகத் தொங்கினால் அது மலைத்தேனீயின் அடை. பானை போல் உருண்டு, மண்ணிறக் காகிதம் சுற்றியது மாதிரி வரி வரியாய் இருந்தால் குளவிக் கூடு. இரண்டில் எதைக் கண்டாலும் கல் எறிய வேண்டாம், புகை போடவும் வேண்டாம். கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ காட்டி, அந்த மலையில் ஆள் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதே பைனாகுலரில் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். "இருக்கு", "இல்ல" என்ற வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தேயிலைச் செடிக்குள்ளும், கான் ஓரத்து மண் பொந்திலும் கட்டும் குளவியைப் பைனாகுலர் காட்டாது. ஆகவே பார்த்தாயிற்று என்று கவனத்தைக் கைவிட வேண்டாம். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

சிறுத்தை விஷயமும் அப்படியே. காட்டோரத் தோட்டங்களில் பின்னேரம் கற்பாறை மேல் சிறுத்தை படுத்திருப்பதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. எங்கே இருக்கிறது, குட்டி இருக்கிறதா என்று தூர நின்றே தெரிந்துகொண்டால், அந்தப் பக்கம் போகாமல் பிள்ளைகளையும் நாயையும் காப்பாற்றலாம். கூட்டமாகக் கிட்டப் போய்ப் பார்க்கப்போவதுதான் ஆபத்து.

வேட்டை பற்றி ஒரு வார்த்தை

பைனாகுலர் என்றால் வேட்டைக்காரர் சாமான் என்ற எண்ணமும் இருக்கிறது. வெளிநாடுகளில் அனுமதிப் பத்திரத்தோடு வேட்டைக்குப் போகிறவர்கள் அதை முக்கியமாகப் பயன்படுத்துவது உண்மைதான். நமது மலைநாட்டிலும் வெள்ளைக்காரர் வேட்டையாடித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. 1840களில் பதுளைப் பக்கம் இருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்தக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. சிறுத்தையைக் கொல்வது பெரிய குற்றம்.

பன்றிக்கு என்று வைக்கும் கம்பிச் சுருக்கில் வேறு எதுவும் மாட்டலாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் அப்படி ஒரு சுருக்கில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சை செய்தும் சில நாட்களில் செத்துப்போனது. நம் நாய், ஆடு, ஏன், நம் காலே கூட அந்தச் சுருக்கில் மாட்டலாம். ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் சொல்லும் பைனாகுலர் பார்ப்பதற்கு மட்டும்.

அந்த இரண்டு எண்கள்

எந்தப் பைனாகுலரிலும் 8×25, 10×25, 7×50 என்று இரண்டு எண்கள் இருக்கும்.

முதல் எண், எத்தனை மடங்கு கிட்டத் தெரியும் என்பது. 8 என்றால் எட்டு மடங்கு. ஒரு கிலோமீற்றர் தூரத்துப் படகு 125 மீற்றரில் நிற்பது போலத் தெரியும்.

இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில். 25 என்றால் இரண்டரைச் சென்றிமீற்றர். இந்தக் கண்ணாடிதான் வெளிச்சம் நுழையும் ஜன்னல். ஜன்னல் பெரிதானால் வெளிச்சம் கூடும், சாமானின் பாரமும் கூடும்.

"அப்ப மொத எண்ணு கூடக் கூட நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். எட்டு மடங்கு பெரிதாக்கும்போது நம் கை நடுக்கத்தையும் அது எட்டு மடங்கு ஆக்குகிறது. மலை ஏறி மூச்சு வாங்கும்போதும், குறிகட்டுவான் படகு அலையில் ஆடும்போதும் பத்து மடங்கே பலருக்குத் தாங்காது. கோபுரத்தைப் பிடிப்பதற்குள் அது கடலுக்குள் போய்விடும்! மடங்கு கூடினால் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பும் குறையும். சாதாரணமாக ஒரு கிலோமீற்றர் தூரத்தில் 8×25 காட்டுவது சுமார் 110 மீற்றர் அகலம், 10×25 காட்டுவது அதைவிடக் குறைய, 90, 95 மீற்றர்தான். பறக்கிற பறவையைத் தேடிப் பிடிக்க அகலம் வேண்டும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அகலம் கிடைக்கும். 25ஐ 8ஆல் வகுத்தால் 3 மில்லிமீற்றர் சொச்சம். 50ஐ 7ஆல் வகுத்தால் 7 மில்லிமீற்றர். நல்ல வெயிலில் நம் கண்ணின் பாப்பா இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடும். ஆகவே பகலில் 8×25 தாராளமாகப் போதும். பொழுது சாயும் நேரத்தில் பாப்பா விரியும். அப்போது பெரிய வட்டம் தருவது தெளிவாகக் காட்டும். கடலில் தொழில் செய்வோர் 7×50ஐ விரும்புவதன் காரணம் இதுதான்: ஆட்டம் குறைவு, வெளிச்சம் கூடுதல்.

எது நமக்குப் பொருந்தும்?

8×25: சட்டைப் பைக்குள்ளே போகும். நிறை 250 முதல் 350 கிராம் வரை, ஒரு இறாத்தல் பாணின் நிறை கூட வராது. யாத்திரைக்கும், பகலில் மலையில் மரங்களைப் பார்க்கவும் ஏற்றது. மங்கல் வெளிச்சத்தில் சுமார்.

8×32: நிறை 450 முதல் 600 கிராம் வரை. கொஞ்சம் பெரிது. காலைப் பனியிலும் பின்னேரத்திலும் 8×25ஐ விட நன்றாகத் தெரியும். காசு கைகூடினால் தோட்டத்துக்கு இதுவே மேல்.

8×42: 600 முதல் 800 கிராம். படம் மிகவும் நல்லது. ஆனால் கழுத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மலை ஏறினால் பாரம் தெரியும்.

7×50: ஒரு கிலோ அளவில் வரும். படகுக்கு நல்லது, பைக்கு ஆகாது.

இவற்றுக்கு வெளியே, "20 மடங்கு", "30 மடங்கு", "சூம்" என்று கையடக்கமாய் வருபவற்றை விட்டுவிடுங்கள்.

கடையில் நின்று செய்யும் ஏழு சோதனைகள்

பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பெரிய கம்பெனிப் பெயர்களைப் போட்டுப் போலிகளும் வருகின்றன. "மொதலாளி, கொஞ்சம் வெளிய கொண்டுபோய்ப் பாத்துட்டு வாறோம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

1. அடிமட்டச் சோதனை. முன் கண்ணாடியின் அகலத்தை அளந்து பாருங்கள். 60 என்று எழுதியிருந்தால் ஆறு சென்றிமீற்றர் இருக்க வேண்டும். இரண்டேகால் சென்றிமீற்றர்தான் இருக்கிறதென்றால் அது 22. எழுதியது பொய்.

2. ஒளி வட்டச் சோதனை. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வானத்தின் பக்கம் காட்டி (சூரியன் பக்கம் கூடாது), கண் வைக்கும் துவாரத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அதையும் அளவுங்கள். முன் கண்ணாடி அகலத்தை இந்த வட்டத்தின் அகலத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு வரும். 22ஐ 3ஆல் வகுத்தால் ஏழு சொச்சம். ஆக, "30" என்று விற்பது ஏழு மடங்குதான்! வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரம் வெட்டியது போல், சாம்பல் நிழல் விழுந்து சதுரம் மாதிரி இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகக் கண்ணாடி தரம் குறைந்தது. நல்லதில் பெரும்பாலும் "பாக்-4" வகைக் கண்ணாடி என்று குறிப்பு இருக்கும்.

3. இரட்டைச் சோதனை. தூரத்தில் உள்ள கரண்ட் கம்பத்தைப் பாருங்கள். இரண்டு கம்பமாகத் தெரிந்தாலும், கண் இழுத்தாலும் இரு குழாயும் ஒரே நேராக இல்லை. இதைக் கண் பழகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். பழகாது, தலைவலிதான் வரும். ரோட்டு முனையில் விற்கும் மலிவுச் சாமான்களின் முக்கியக் குறை இது.

4. ஓரச் சோதனை. செங்கல் சுவரையோ தகரக் கூரையையோ பாருங்கள். நடுவில் தெளிவாய் இருந்தால் போதாது. ஓரத்திலும் ஓரளவு நேராகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். கூரை ஓரத்தில் வானவில் மாதிரி நிறக் கோடு அதிகம் தெரிந்தால் தரம் குறைவு.

5. பூச்சுச் சோதனை. முன் கண்ணாடியில் டியூப் லைட்டின் நிழலைப் பாருங்கள். மெல்லிய பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் வெளிச்சத்தை உள்ளே விடும் பூச்சு போட்டிருக்கிறார்கள். வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சு இல்லை. இரத்தச் சிவப்பாய்ப் பளபளக்கும் கண்ணாடி பார்க்க அழகாய் இருக்கும், ஆனால் பார்க்கும் பொருளின் நிறத்தைக் கெடுக்கும். அதை விடுங்கள்.

6. மூக்குக் கண்ணாடிச் சோதனை. வீட்டில் யாராவது கண்ணாடி போடுகிறவர் என்றால் அவரையும் கூட்டிப்போங்கள். கண் வைக்கும் இடத்து இறப்பர் வளையத்தை மடித்தோ திருகியோ இறக்கிவிட்டு, கண்ணாடியோடே பார்க்கட்டும். முழு வட்டமும் தெரிய வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் 15 மில்லிமீற்றர் அளவு இடம் விட்டிருந்தால்தான் இது சரிவரும்.

7. ஆட்டச் சோதனை. காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது ஆடும் சத்தம் கேட்கக் கூடாது. நடுச் சக்கரம் இறுக்கமும் தளர்வும் இல்லாமல் ஒரே சீராகச் சுழல வேண்டும்.

நம் மலைநாட்டு மழைக்கும் மூடுபனிக்கும், குறிகட்டுவான் உப்புக் காற்றுக்கும் தண்ணீர் புகாத வகையே பொருத்தம். இதற்குள் நைதரசன் வாயு அடைத்திருப்பார்கள். உள்ளே ஈரம் இல்லாததால் பனி படியாது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. கொஞ்சம் விலை கூடினாலும் பல வருடம் நிற்கும். "இரவிலும் தெரியும்" என்பது வெறும் விளம்பரம். சாதாரணப் பைனாகுலர் எதுவும் கும்மிருட்டில் ஒன்றையும் காட்டாது.

கண்ணுக்கு ஏற்றபடி வைப்பது எப்படி?

பலர் வாங்கிவிட்டு, "ஒண்ணுமே தெளிவாத் தெரியலையே" என்று மூலையில் போடுவது இதைச் செய்யாததால்தான்.

முதலில் நடு மடிப்பை விரித்துச் சுருக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும்படி வையுங்கள். பிறகு வலது முன் கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். அடுத்து இடது பக்கத்தை மூடி, வலது கண்ணால் அதே பலகையைப் பாருங்கள். இப்போது நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். இனி எதைப் பார்த்தாலும் நடுச் சக்கரம் ஒன்றே போதும். ஆளுக்கு ஆள் கண் வேறு என்பதால், கை மாறும்போது மறுபடி சரிசெய்ய வேண்டும். உங்கள் வளையம் எந்தக் குறியில் நின்றது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சரிசெய்தும் அப்பாவுக்கோ அம்மாயிக்கோ புகை மூட்டமாகவே தெரிகிறது என்றால் குற்றம் பைனாகுலரில் இல்லாமல் இருக்கலாம். கண்ணில் பூ விழுந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் காட்டுங்கள்.

படகிலும் மலையிலும் கவனிக்க வேண்டியவை

படகில் உட்கார்ந்தபடியே பாருங்கள். இரு முழங்கைகளையும் விலாவில் அணைத்துக்கொண்டால் ஆட்டம் குறையும். ஒரு பக்கம் பறவை தெரிகிறது என்று எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வது ஆபத்து. பாதுகாப்பு அங்கியைக் கழற்றிவிட்டுப் படம் பார்க்க வேண்டாம். துறையில் என்றால் சுவரிலோ தூணிலோ சாய்ந்து பார்க்கலாம்.

பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. ஒரு நொடியில் கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கிரகண நாளிலும் அப்படியே. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பார்த்துக்கொண்டே நடக்கவும் விடாதீர்கள். நம் மலையில் ஒரு அடி தவறினால் கான்தான்.

பீலியடி, லயத்து வாசல், அடுத்தவர் வீட்டு ஜன்னல் பக்கம் திருப்புவது அசிங்கம். ஒரே ஒரு ஆள் அப்படிச் செய்தால் தோட்டத்தில் பெரிய சண்டை வந்துவிடும். இளைஞர்களுக்குப் பெரியவர்கள் ஆரம்பத்திலேயே கண்டிப்பாய்ச் சொல்லிவிட வேண்டும்.

வைத்துக் காப்பது

கடலுக்குப் போய் வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப் பக்கத்தைத் துடைத்து உப்பைப் போக்குங்கள். கண்ணாடியில் மண்ணும் தூசும் இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ தட்டிவிட்டு, பிறகு துவைத்த பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். சேலை முந்தானை, சட்டை ஓரம் வேண்டாம். அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தால் விறகுப் புகை படியும். ஈரச் சுவர் ஓரமும் ஆகாது. மூடியுள்ள தகர டின்னில், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைப் போட்டு வையுங்கள். உறையில் ஈரமாய் இருக்கும்போது மூடி வைக்காதீர்கள். உள்ளே கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஒரு தரம் கழற்றினால் இரு குழாயும் பழைய நேருக்கு வருவது கஷ்டம்.

காசுக்கு என்ன வழி?

நல்ல பைனாகுலர் ஒன்று ஒரு குடும்பத்துக்குப் பாரமான செலவு. நான்கு வீட்டுக்காரர் நான்கு மலிவுச் சாமான் வாங்கி நான்கையும் தூக்கி எறிவதை விட, சேர்ந்து ஒன்றை வாங்குவது புத்தி. லயத்தில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி இதற்கும் ஒரு சின்னச் சீட்டுப் போடலாம். இளைஞர் கழகம், கோயில் கமிட்டி, மாதர் சங்கம் எதுவும் முன்வரலாம். ஒருவர் பொறுப்பில் வைத்து, யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் சண்டை வராது. வேலை நாள் காலையில் அது மலைக்குப் போகட்டும். லீவு நாளில் யாத்திரை போகும் குடும்பம் எடுத்துப் போகட்டும். குளவிக் கூடு பார்க்கும் வேலைக்கு ஒன்று வாங்கித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் தலைவர்மார் மூலம் கேட்பதும் நியாயமே. ஆள் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் உரிய பொறுப்புத்தான்.

நினைவில் வைத்துக்கொள்ள

எட்டு மடங்கு போதும். முன் கண்ணாடி 25, முடிந்தால் 32.
பெட்டி எழுத்தை நம்பாமல் அடிமட்டத்தை நம்புங்கள்.
ஒன்று இரண்டாகத் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.
தண்ணீர் புகாத வகை மலைக்கும் கடலுக்கும் நல்லது.
சூரியன் பக்கமும், முகாம் பக்கமும், பீலி பக்கமும் திருப்பக் கூடாது.
கொழுந்து மலையில் இறங்கும் முன் ரோட்டில் நின்று மரத்தைப் பாருங்கள். கூடு கண்டால் ஆள் இறக்க வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் சேர்ந்து வாங்கினால், எந்த மாதிரி வாங்கினீர்கள், எப்படி உதவியது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்றத் தோட்டத்து உறவுகளுக்கும் அது பயன்படும்.